மொச்சை வேரின் நிறம்

நைட்ரஜனில் இரண்டு வகை உண்டு, ஒன்று லேசு, இன்னொன்று கொஞ்சம் கனம் என்று நான் விளக்கி முடித்ததும் அந்த நிலத்துக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுல எது ஒசத்திங்க?" என்பதுதான். இரண்டும் ஒன்றுதான், பயிருக்கு வித்தியாசமே தெரியாது, எடையில் மட்டும் ஒரு துளி கூடுதல் என்றேன். "அப்ப எதுக்குங்க ரெண்டு?" என்றார்.  

எண்பதுகளின் நடுவில் அது. தர்மபுரியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, இண்டூர் போகும் பஸ்ஸில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி மாணவி. கூடைக்குள் கண்ணாடிக் குழாய்கள், பாலிதீன் பைகள், ஒரு கத்தி, மதியச் சாப்பாடு. எங்கள் ஆராய்ச்சிக்கூடம் வேறு மாவட்டத்தில் இருந்தது. மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் மண்ணைத் தோண்டும் பெண்ணை என்னவென்று அழைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. டீச்சர் என்று வைத்துவிட்டார்கள். நான் யாருக்கும் ஓர் எழுத்துகூடச் சொல்லித் தந்ததில்லை.

கேழ்வரகுக்கு நடுவே வரிசை விட்டு மொச்சை விதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மொச்சை வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சாப்பாடு போடும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மழை பார்த்து வருஷக்கணக்கான அந்தச் செம்மண்ணில் நிஜமாகவே அது நடக்கிறதா, இல்லை மொச்சையும் கேழ்வரகு மாதிரியே மண்ணில் இருப்பதைத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

கண்டுபிடிக்கிற விதம் ஒன்றும் மந்திரம் இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான். கனத்த நைட்ரஜன் சேர்த்துச் செய்த உரத்தை மண்ணில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். கேழ்வரகுக்கு மண்ணை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, அதனால் அதன் உடம்பில் கனத்த நைட்ரஜன் நிறையச் சேரும். பக்கத்தில் நிற்கும் மொச்சை காற்றிலிருந்தும் எடுத்தால், காற்றில் இருப்பது பெரும்பாலும் லேசான வகை என்பதால், கனத்தது அதன் உடம்பில் நீர்த்துப்போகும். இரண்டு செடியையும் அறுத்து, காயவைத்து, அரைத்து, வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் பெரிய மிஷினுக்கு அனுப்பினால் அது எடை பார்த்துச் சொல்லிவிடும். மொச்சையில் நீர்த்திருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. இரண்டிலும் ஒரே அளவு என்றால் வேலை செய்யவில்லை.

இதைப் போய் ஊரில் சொன்னால் அணுகுண்டு உப்பு என்றார்கள். ஐசோடோப் என்ற வார்த்தையை யாரோ செய்தித்தாளில் படித்துவிட்டு டீக்கடையில் பரப்பிவிட்டார். இது கதிர் வீசாது, வெடிக்காது, நம் எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்று தொண்டை வறளச் சொன்னேன். நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துக் காட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் சின்ன பாட்டிலை எங்கள் பேராசிரியர் பீரோவில் பூட்டி, சாவியைப் பூணூலில் கட்டாத குறையாக வைத்திருந்தார். அவர் முகம் ஞாபகத்துக்கு வந்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஊற்றிய உரம் பக்கத்து மண்ணுக்கு ஓடிவிடாமல் இருக்க, அடியும் மேலும் இல்லாத தகரச் சட்டங்களை மண்ணுக்குள் இறக்க வேண்டும். தர்மபுரி கடைவீதியில் டிரங்குப் பெட்டி செய்யும் ஒரு பாயிடம் போய்ச் சொன்னேன். "மூடி வேணாம்ங்கறீங்க, சரி. அடியும் வேணாம்னா அது எப்படிம்மா பொட்டியாவும்?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் விளிம்பெல்லாம் மடித்து, கை கிழிக்காமல் அழகாகச் செய்து கொடுத்தார்.

நிலம் கொடுத்தது இண்டூரைத் தாண்டி ஓடையோரம் இருந்த ஒரு தம்பதி. அவரை நான் அண்ணா என்றும், அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டேன். அண்ணன் அந்த ஊரே. அக்கா மாரண்டஹள்ளிப் பக்கம், பிறந்த வீட்டில் கன்னடம். பிள்ளைகளை அங்கே அம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தார்கள். யார் வந்து நின்றாலும் அக்காவின் வாயில் முதலில் வருவது, "ஊட்டா ஆய்த்தா?" என்பதுதான். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். ஆச்சு என்று பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். களியோ கூழோ, எது இருந்தாலும் சூடு பண்ணித்தான் கொடுப்பார். ஆறியதைக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் விறகு இல்லாத நாளில் பக்கத்து வீட்டு அடுப்பில் கொண்டுபோய் வைத்துச் சுடவைத்து எடுத்து வருவார்.

அவர்கள் எனக்கு நிலம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. தொடர்ந்து மழை பொய்த்து, விதைத்ததில் விதைகூடத் திரும்பாத நிலை. அண்ணனின் தம்பி முன்னமே பெங்களூர் போய்க் கட்டட வேலையில் சேர்ந்துவிட்டார். பொங்கலுக்கு வந்தவர், "அந்த மண்ணு செத்துப் பல நாளாச்சு, பொணத்த வெச்சுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கற?" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவுக்கும் போய்விடலாம் என்றுதான் எண்ணம். அண்ணனுக்கு மனசு வரவில்லை. வீட்டில் தினமும் அதே பேச்சு, அதே சண்டை. அந்த நேரம் பார்த்து நான் கூடையோடு போய் நின்றிருக்கிறேன்.

"ஏங்க டீச்சரம்மா, இந்த மண்ணுல உசுரு இருக்குதா இல்லியானு உங்க மிசினு சொல்லிருமா?" என்று அண்ணன் கேட்டார்.

மொச்சை வேரில் பாக்டீரியா வேலை செய்கிறதா என்று சொல்லும் என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு தானுங்களே" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "மிசினு சொல்லட்டும். உசுரு இல்லைனு சொல்லுச்சுன்னா மறு பேச்சில்ல, நீ சொன்னாப்புல பெங்களூருக்குப் போயரலாம். இருக்குதுனு சொன்னா இங்கியே கெடப்போம், அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார். அக்காவும் சரி என்றார். அவர்கள் வீட்டுச் சண்டை அன்றோடு நின்றுபோனது.  பட்டம் வாங்கப் போன இடத்தில் ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்கிற வேலை வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை.

முதல் காரியமாக மண்ணைப் பார்த்தேன். வறட்சியில் மண்ணில் இயற்கையாக இருக்கும் பாக்டீரியா மிகவும் குறைந்திருக்கும், அதனால் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்த பாக்டீரியாவைக் கரித்தூளில் கலந்து பொட்டலமாகக் கொண்டுபோனேன். அதைச் சோற்றுக் கஞ்சியில் கரைத்து, மொச்சை விதையைப் போட்டுப் பிரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். கஞ்சி ஆறியிருக்க வேண்டும். இதை நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

அக்கா பொட்டலத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுல உசுரோட இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கக்கா. கோடிக்கணக்குல இருக்கு. உங்க கொல்லையில வேலை செய்ய வந்திருக்கு" என்றேன். அந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் மானாவாரி நிலம்.

"அட!" என்றார். பொட்டலத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஊட்டா ஆய்த்தா?" என்று அதனிடம் கேட்டார். நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். பொட்டலத்தை ஈர மணல் பானைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பினேன்.

மழைக்கு என் கால அட்டவணை தெரியாது. நான் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது இங்கே கொட்டித் தீர்த்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். தகவல் சொல்ல ஊரில் ஒரு போன் கிடையாது. பேப்பரில் தர்மபுரியில் மழை என்று பார்த்ததும் அடித்துப் பிடித்து ஓடிவந்தேன். வந்து சேரும்போது மொச்சை விதையெல்லாம் கரி பூசிக்கொண்டு, புளிய மரத்து நிழலில் சாக்கின் மேல் உலர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விதையும் ஒரே சீராகக் கறுப்பு. நானே செய்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அக்காவைப் பாராட்டினேன். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

தகரச் சட்டங்களை இறக்கி விதைத்தோம். முளைத்து வந்த பிறகு, மண்டி போட்டு உட்கார்ந்து, கனத்த நைட்ரஜன் கரைசலை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன். அண்ணன் என் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலுக்கு இல்லை. காற்றில் ஏதாவது பறந்து வந்து விழுந்து கெட்டுப்போகக் கூடாது என்று அவராகவே செய்த ஏற்பாடு. அப்படியெல்லாம் கெடாது என்று சொன்னேன், கேட்கவில்லை. களை எடுத்தால் அதைச் சட்டத்துக்குள்ளேயே போட்டுவிட வேண்டும், மாட்டுக்குப் போடக்கூடாது என்று சொன்னேன். அதையும் செய்தார்கள். அவர்கள் மாடு எலும்பும் தோலுமாகக் கட்டுத்தறியில் நின்றுகொண்டிருந்த வருஷம் அது.

அந்த வருஷம் மழை ஓரளவு பரவாயில்லை. கேழ்வரகு எழுந்து வந்தது. மொச்சையும் வந்தது, ஆனால் இலையில் பச்சை போதவில்லை, ஒரு சோகை பிடித்த மஞ்சள். பூக்கிற சமயத்தில் சட்டத்துக்கு வெளியே சில செடிகளை வேரோடு தோண்டிப் பார்த்தேன். முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. நகத்தால் கீறினேன். வேலை செய்கிற முடிச்சாக இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நம் நகத்துக்கு அடியில் தெரிகிற நிறம். இவை வெளுத்துக் கிடந்தன.

அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னங்க சொல்லுது?"

"மிஷின் சொல்லட்டும்ணா" என்றேன். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

அறுத்தோம். காயவைத்தோம். அரைத்து, அமிலத்தில் வேகவைத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து வடக்கே அனுப்பினோம். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நாட்டில் அந்த மாதிரி மிஷினே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மிஷின் பழுது என்றார்கள். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பாகம் வந்தது, மாட்டத் தெரிந்தவர் விடுப்பில் என்றார்கள். இங்கே அண்ணன் ஒவ்வொரு தடவையும் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டுவேன். கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். பொங்கல் போனது, மாசி போனது, வெயில் ஏறிவிட்டது.

ஒருநாள் பேராசிரியர் என்னை வராண்டாவிலேயே நிறுத்தினார். "வந்துடுத்தும்மா. ரெண்டுலயும் ஒரே அளவுதான். உன் மொச்சை காத்துலேர்ந்து எதையுமே எடுத்துக்கல. பரவாயில்ல, இதுவும் ஒரு முடிவுதான். எழுதலாம்" என்றார். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எந்த முடிவும் முடிவுதான். நான் பஸ் பிடித்தேன்.

அண்ணன் கட்டுத்தறியில் இருந்தார். அக்கா, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் அடுப்பை மூட்டினார். நான் அண்ணனிடம் சொன்னேன். மொச்சையும் கேழ்வரகும் ஒன்றையேதான் தின்றிருக்கின்றன, பாக்டீரியா வேலை செய்யவில்லை என்று சொன்னேன். உடனே, ஒரு வருஷத்தை மட்டும் வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவசரம் அவசரமாகச் சொன்னேன்.

"அடுத்த வருசம் வரைக்கும் நாங்க இருக்கணுமில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். "நீங்க கொண்டாந்து விட்டதுங்களும் நெலைக்கலீங்களா?"

"இல்லைங்கண்ணா."

"கோடிக்கணக்குல வந்தும் ஒண்ணும் நிக்கலீனா, அப்புறம் அதுல என்னங்க இருக்குது" என்றார்.

அதற்கு மேல் என்ன பேசினாலும் எடுபடாது என்று தெரிந்துவிட்டது. அக்கா களி கொண்டுவந்து வைத்தார். மூவரும் சாப்பிட்டோம். அவர் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது, ஆனாலும் அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார்கள். அடுத்த தடவை நான் போனபோது நிலத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஓடையோரம் என்பதால் மேலே செம்மண்ணாக இருந்தாலும் கீழே களிமண். செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு அண்ணன் நிலத்தையே கொடுத்துவிட்டிருந்தார். மேல் மண்ணை ஒரு ஓரமாக வெட்டிக் குவித்துவிட்டு அடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். என் தகரச் சட்டம் ஒன்று நசுங்கிப்போய் மண் குவியலில் நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனிடம் கத்திவிட்டேன். "யாருக்காவது குத்தகைக்கு விட்டிருக்கலாம், சும்மாவாவது போட்டிருக்கலாம். மண்ணை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"செத்தது தானேங்க டீச்சரம்மா. போட்டு வெச்சு என்ன பண்றது? சுட்டுட்டாப் போவுது" என்றார்.

அவர்கள் கிளம்பிய அன்று வழியனுப்பத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு சாக்கு மூட்டை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அலுமினியக் குண்டான். பெங்களூர் பஸ் உள்ளே நுழைந்ததும் அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிக்க ஓடினார். நானும் அக்காவும் மூட்டைகளோடு நின்றோம். வாழைப்பழம் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்பது போலக் கேட்டார்.

"டீச்சர், அதுங்க ஏன் நமக்கு வேல செய்யல? நான் ஒரு கொறையும் வெக்கலியே."

"எதுங்கக்கா?"

"அந்தக் கரிப் பொட்டலத்துல வந்ததுங்க. நீங்க ஆற வெச்ச கஞ்சினு சொல்லிட்டுப் போனீங்க. எனக்கு மனசு கேக்கல. நம்ம கொல்லைக்குனு அம்மாந்தொலைவுலேர்ந்து வந்திருக்குதுங்க, அதுங்களுக்குப் போயி ஆறுன கஞ்சிய எப்படிங்க குடுக்கறது? வூட்டுல அரிசி இல்ல. பக்கத்து வூட்டுல கேட்டு வாங்கி, சோறு வடிச்சு, அடுப்புலேர்ந்து எறக்குனதும் சுடச்சுட அதுல கொட்டிக் கரைச்சேன். ஆவி பறக்க. அப்புறம் கையி பொறுக்கற சூடு வந்ததும் வெதையப் போட்டுப் பெரட்டுனேன். வெதைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுனு பாத்துத்தான் செஞ்சேன்."

  கொதிக்கிற கஞ்சியில் அந்தப் பாக்டீரியா ஒரு நிமிஷம்கூடத் தாங்கியிருக்காது. நான் கண்டு மெச்சிய அந்தச் சீரான கறுப்பு விதைகளின் மேல் இருந்தது வெறும் கரி. மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்ணுக்கு யாரும் வந்து சேரவே இல்லை. மிஷின் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பாகிவிட்டது. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"ஏங்கக்கா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். அக்கா கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. மூட்டையைத் தோளில் ஏற்றப் போனவர் நின்று என்னைப் பார்த்தார்.

"என்னங்க டீச்சரம்மா, கஞ்சியில ஏதாச்சும் தப்புங்களா?"

மாடு போய்விட்டது. நிலம் ஆள் மட்டத்துக்குப் பள்ளமாகிவிட்டது. மண் நன்றாகத்தான் இருந்தது என்று அவரிடம் சொல்ல வேண்டுமானால், கொன்றது யார் என்றும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அக்கா இனிமேல் முகம் தெரியாத ஊரில், தகரக் கொட்டகைக்குள், தினமும் அந்த மனிதருக்குச் சோறு வடித்துப் போட வேண்டியவர். ஒவ்வொரு தடவை கஞ்சியை வடிக்கும்போதும் அவருக்கு என்ன ஞாபகம் வரும்?

"இல்லைங்கண்ணா. கஞ்சியில ஒண்ணும் இல்ல. மண்ணுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் பின்னால் நகர்ந்து திரும்பும்போது என்னைப் பார்த்து, போய்ச் சாப்பிடுங்கள் என்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். இன்று யாராவது அதே இடத்தில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டாலும் நான் அதே பதிலைத்தான் சொல்வேன். அதனால் எனக்கு நிம்மதி வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விதைப்பதற்கு முன்னால் அந்த நிலத்தில் எடுத்த மண் ஒரு சாக்கில் ஆராய்ச்சிக்கூடத்தில் கிடந்தது. பேராசிரியரிடம் கஞ்சியைப் பற்றிச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் எழுந்துபோய் பீரோவைத் திறந்து, பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைக் கொடுத்தார். தொட்டிகளில் அந்த மண்ணை நிரப்பி மொச்சையும் கேழ்வரகும் விதைத்தேன். சிலவற்றுக்கு ஆறிய கஞ்சியில் கரைத்த பொட்டலம். சிலவற்றுக்கு அக்கா செய்த மாதிரியே ஆவி பறக்கிற கஞ்சி. விடுதி சமையல்காரர் இரண்டையும் ஒரே பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தார், எதற்கு என்று கேட்காமல்.

சுடுகஞ்சித் தொட்டிகளில் அதே சோகை மஞ்சள். ஆறிய கஞ்சித் தொட்டிகளில் மொச்சை கரும்பச்சையாகக் கொடி வீசியது. பூத்ததும் ஒன்றைப் பிடுங்கி வேரை அலசினேன். வேர் முழுக்க முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, அறுத்து, காயவைத்து, குப்பியில் அடைத்து அனுப்பினேன். மிஷின் அந்தத் தடவை சீக்கிரமே சொல்லிவிட்டது. ஆறிய கஞ்சித் தொட்டி மொச்சையில் கனத்த நைட்ரஜன் நன்றாக நீர்த்திருந்தது. என் ஆய்வேட்டில் விதை நேர்த்தியின்போது ஏற்பட்ட வெப்பப் பிழை என்று ஒரு வரி இருக்கிறது. எனக்குப் பட்டமும் கிடைத்தது.

ஆனால் அதற்கு முன்பே, முடிச்சைக் கீறிப் பார்த்த மறுநாள், இன்னொரு செடியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இண்டூருக்குப் போனேன். யாரிடம் காட்டப் போகிறேன் என்று யோசிக்கவே இல்லை. பெங்களூரில் அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. செங்கல் சுமக்கிற வேலை, கட்டடம் முடிந்தால் வேறு இடம் என்று மட்டும் சொன்னார்கள். பூட்டிக் கிடந்த வீட்டைத் தாண்டி நிலத்துக்குப் போனேன். பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, எருமைகள் கிடந்தன. ஓரத்தில் சூளை புகைந்துகொண்டிருந்தது. வெந்த செங்கல்லை ஆட்கள் லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை மாதிரி இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "கல்லு வேணுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இதெல்லாம் எங்க போகுது?" என்றேன்.

"எல்லாம் பெங்களூருக்குத் தாங்க. அங்க தான கட்டிக்கிட்டே கெடக்கறாங்க."

லாரி கிளம்பி மேட்டில் ஏறும் வரை அங்கேயே நின்றேன். அப்புறம் கையில் இருந்த துணியைப் பிரித்தேன். வழியெல்லாம் வெயில், துணி காய்ந்துபோயிருந்தது. ஒரு முடிச்சைக் கீறினேன். உள்ளே பழுப்பாகிவிட்டிருந்தது. செடியைப் பள்ளத்தோரம் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.